மூன்றாவது கீப்பர்

செப்டம்பர் 2, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். சுரக்குடி ரோட்டில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்கிறது. ஸ்கூட்டியை ஒதுக்கி ஒதுக்கித்தான் காரைக்கால் பீச்சுக்குப் போக வேண்டியிருந்தது. மணலில் ஒன்றரை மணி நேரம் டைவ் பயிற்சி. வலப்பக்கம் விழுவது பரவாயில்லை. இடப்பக்கம் இன்னும் யோசித்துவிட்டுத்தான் விழுகிறேன்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டத்தில் ஒரு அம்மா நின்று பார்த்தார். "ஏம்மா, பந்தே காணும், எதுக்கு இப்புடி வுழுந்து வுழுந்து எந்திரிக்கிற?" நியாயமான கேள்வி.

செய்தி உறுதி. இந்தியப் பெண்கள் ஃபுட்பால் டீமின் முதல் கோல்கீப்பருக்கு விரல் எலும்பு முறிவு. இரண்டாவது கீப்பருக்கு முழங்காலில் அடி. இந்த மாதம் நடக்கிற இரண்டு மேட்ச்சுக்கும் இருவரும் இல்லை. மூன்றாவது நான்தான். நாலு வருடமாக நான்தான் மூன்றாவது. கேம்ப்புக்குப் போவேன், நாள் முழுக்கப் பந்து பிடிப்பேன், மேட்ச் அன்று கேலரியில் உட்கார்ந்து கைதட்டுவேன். இந்தியாவுக்காக ஆடியது: இதுவரை ஒரு நிமிடம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை டீம் லிஸ்ட் வரும். இன்னொருத்தி விரல் ஒடிந்ததற்குச் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன். நிறையவே பட்டேன்.

செய்ய வேண்டியது:
கிளவுஸ் – உள்ளங்கை ரப்பர் உரிகிறது
இடது கட்டைவிரல் நகம்
கோச் குமார் சாருக்கு போன் – வேண்டாம், அவரே கூப்பிடுவார்


செப். 3, புதன்

மேகம் கட்டியது, மழை இல்லை. அம்மா நெல்லை அள்ளச் சொல்லி, அள்ளி முடித்ததும் வெயில். மறுபடி பரப்பினோம்.

சித்தப்பா ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். "இந்தியாவின் கோல் காக்கும் சுரக்குடி பெண்புலி". போட்டோவில் நான் போட்டிருப்பது பயிற்சி பனியன். நம்பரே இல்லை.

"லிஸ்ட் வரட்டும் சித்தப்பா."

"அட போம்மா. அதான் ரெண்டு பேரும் படுத்துட்டாளுவளே. ஒன்னைய வுட்டா வேற யாரு இருக்கா?"

எனக்கும் அந்தக் கணக்குதான். வெளியே சொல்லவில்லை, அவ்வளவே.

குமார் சார் நினைப்பாகவே இருந்தது. கேம்ப்பில் கீப்பர்களுக்கு அவர்தான் கோச். மன்னார்குடிக்காரர். மற்றவர்கள் இந்தியில் திட்டு வாங்கும்போது எனக்கு மட்டும் தமிழில் விழும், அதில் ஒரு பெருமை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரை கிளப்பில் கூப்பிட்டார்கள். சின்ன கிளப், ஆனால் எல்லா மேட்ச்சும் நான்தான் கீப்பர் என்றார்கள். சாரைத்தான் கேட்டேன். "அங்க போயி தொலஞ்சி போயிடாத கௌசி. பெரிய கிளப்புல பெஞ்சுல உக்காந்தாலும் நாலு பேரு கண்ணுல படுவ. ஒன் டர்னு வரும். நான் இருக்கேன்ல?" மதுரைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பெங்களூரில் அதே பெரிய கிளப் பெஞ்சில் இன்னும் இரண்டு சீசன்.

அவர் சொன்ன டர்ன் இதுதான். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.


செப். 5, வெள்ளி

லிஸ்ட் வந்தது.

முதல் கீப்பர் அபிநயா. சேலம். பத்தொன்பது வயது. இரண்டாவது, கல்யாணமாகி ஆட்டத்தை விட்டுப் போனவள். அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது கௌசல்யா.

நாலு தடவை படித்தேன். வரிசை மாறவில்லை.

அபிநயா போன கேம்ப்பில் ஒரு வாரம் இருந்தாள். "கௌசி, இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு" என்று கு. சார்தான் என்னிடம் விட்டார். கார்னருக்கு எங்கே நிற்பது, கால் எப்படி மாற்றுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நல்ல பெண். அதுதான் எரிச்சல்.

குரூப்பில் மேனேஜர் போட்ட விளக்கம்: கௌசல்யாவுக்குப் போதிய மேட்ச் அனுபவம் இல்லை.

வெளியே சித்தப்பா ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். கயிறு இழுக்கச் சத்தம் போட்டார். போய் இழுத்தேன். வேறு என்ன செய்ய?

அம்மா: "டீம்ல இருக்கியாடி, இல்லியா?"

"இருக்கேன்."

"அப்பறம் எதுக்கு அழுவுற?"

அப்பாவுக்கு கரண்டு ஆபீஸ் வேலை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "எங்க ஸ்டோர்ல ஸ்பேர் டிரான்ஸ்பார்மர் கெடக்கும். அது மாதிரிதான் நீயி?" ஆமாம் என்றேன். இன்னொரு கவளம் பிசைந்தார். "ஆனா ஒண்ணு எரிஞ்சி போச்சின்னா அதத்தானம்மா எடுத்து மாட்டுவோம்."

இந்த வீட்டில் புரிந்தது அவருக்குத்தான்.


செப். 6, சனி

திருநள்ளாறு கூட்டம். பஸ்ஸெல்லாம் பிதுங்குகிறது. ஊர் முழுக்க வாழ்த்து. மளிகைக் கடையில், "பாப்பா, டிவில வருவியா?" டிவியில் வருவேன். மூலையில், தண்ணீர் பாட்டில் அடுக்குகிற இடத்தில்.

அம்மா நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொல்கிறாள். "தேசம் பூரா வந்து சனியனத் தொலச்சிட்டுப் போவுது. மூணு கிலோமீட்டர்ல இருந்துகிட்டு நீ போவ மாட்டேங்குற." அவளோடு சண்டை. தட்டைத் தள்ளினேன். பிறகு எடுத்துச் சாப்பிட்டேன், கருவாட்டுக் குழம்பு.

மாலையில் கு. சார் கூப்பிட்டார். "பெரிய கோச் முடிவும்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். மனச விட்டுடாத. டீமுன்னா பதினோரு பேரு இல்ல கௌசி, பின்னால நிக்கிற டெப்த்துதான் டீமு. நீதான் நம்ம டெப்த்து. வியாழக்கெழம கேம்ப்புக்கு வந்துடு."

பேசி முடித்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. நமக்காகவும் வாதாட ஒருத்தர் இருக்கிறாரே என்று.


செப். 8, திங்கள்

வேளாங்கண்ணி கொடி இறக்கம். ரோட்டில் நடக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

மத்தியானம் அபிநயா போன். எடுக்காமல் விட நினைத்தேன். எடுத்தேன்.

"அக்கா, எம் மேல கோவம் இல்லியே?"

"உம் மேல எதுக்குடி?"

"குமார் சாரும் அதான் சொன்னாருக்கா. பெரிய கோச்சு ஒங்களப் பத்திக் கேட்டாராம். சாரு, கௌசிக்கு மேட்ச்சுன்னா பயம், அவளே வேணாம்னுட்டா, டீமோட இருந்தா போதும்னு சொல்லிட்டான்னாராம். எப்படிக்கா ஒங்களுக்கு மனசு வந்துச்சு? நானா இருந்தா விட்டுக் குடுக்க மாட்டேன்."

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். அவளுக்கும் பெரிய கிளப் ஒன்று கேட்டதாம். கு. சார்தான் போகாதே என்றாராம். "பெஞ்சுல ஒக்காந்தா கீப்பர் செத்துப் போயிடுவா, மேட்ச் ஆடுற எடத்துக்குப் போன்னாருக்கா. அவரே பேசி மதுரைக்கு அனுப்பி வெச்சாரு. ஒரு சீசன் பூரா ஆடுனேன். அதனாலதான் இப்ப இது."

மதுரை. நான் வேண்டாம் என்ற அதே மதுரை.

"நல்லா ஆடு" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்து பேசியிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டாள்.

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.


செப். 9, செவ்வாய்

ராத்திரி மழை. நெல் நனைந்தது. எழுத ஒன்றும் இல்லை. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன்.


செப். 10, புதன்

நானே கு. சாரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு மேட்ச் வேணாம்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

"யாரு சொன்னா ஒனக்கு?"

பொய் என்றுகூட அவர் சொல்லவில்லை. அதற்காவது காத்திருந்தேன்.

"மதுரைக்கு என்னையப் போவ வேணாம்னுட்டு, அவள அனுப்பிருக்கீங்க."

"ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வளக்க முடியும் கௌசி. அவ ஒசரம். ஒன் ஒசரத்துக்கு இதுக்கு மேல வராது."

"அத எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிருப்ப. தெனம் எரநூறு ஷாட்டுக்கு மொணகாம நிக்கிறவ ஒன்ன மாதிரி யாரு இருக்கா? கேம்ப்பு நடக்கணும்ல?" கோபமாகக்கூட இல்லை, பாராட்டுவதுபோலச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டுதான்.

நாளைக்கு வரமாட்டேன் என்றேன்.

"பேர எடுத்துடுவாங்க. அப்பறம் யாரும் கூப்புட மாட்டாங்க, யோசிச்சிக்க."

"எடுக்கட்டும்."

வைத்தபிறகு கிளவுஸில் உரிந்த ரப்பரை ஒட்டினேன். அவர் சொல்லித்தான் இந்தக் கை இவ்வளவு காலம் எந்த மேட்ச்சும் ஆடாமல் இருந்தது.


செப். 11, வியாழன்

போகவில்லை. சித்தப்பா பேசவில்லை. அப்பா, "சாப்ட்டியா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்.

மதுரை கிளப்புக்கு போன் செய்தேன். வெட்கத்தை விட்டுத்தான். அபிநயா கேம்ப்புக்குப் போய்விட்டதால் அவர்களுக்கு ஆள் இல்லை. ஞாயிறு தஞ்சாவூரில் ஒரு காலேஜ் டீமோடு பிராக்டிஸ் மேட்ச். வந்து நில்லு, பார்க்கலாம் என்றார்கள். எனக்கு இருபத்தைந்து என்றதும் ஒரு சின்ன "ஓ".


செப். 14, ஞாயிறு

காரைக்காலில் ரயில் ஏறி தஞ்சாவூர். அப்பா கூட வந்தார். நாகூர் தாண்டியதும் வடை வாங்கிக் கொடுத்தார்.

வெயில். புல் இல்லாத மைதானம். முழு மேட்ச், தொண்ணூறு நிமிடமும் நான்.

மூன்று கோல் விட்டேன்.

முதல் கோல் யாராலும் பிடிக்க முடியாதது. இரண்டாவது கார்னர். பந்தைத்தான் பார்த்தேன். முழங்கை ஒன்று நெஞ்சில் இடித்தது, பந்து உள்ளே. பயிற்சியில் பந்து மட்டும்தான் வரும், கூடவே ஆள் வராது. மூன்றாவது, எனக்கும் டிஃபெண்டருக்கும் நடுவில் வந்த பந்து. அவள் எனக்கென்று விட்டாள், நான் அவளுக்கென்று விட்டேன். எதிராளி நடுவில் புகுந்து தட்டிவிட்டுப் போனாள்.

டிஃபெண்டர் திரும்பிக் கத்தினாள். "அக்கா, வாயத் தொறந்து சொல்லுங்கக்கா! பின்னாடி நடக்குறது எங்களுக்கு எப்புடித் தெரியும்?"

எனக்குக் கத்தத் தெரியவில்லை. நாலு வருடம் என் முன்னால் டிஃபெண்டரே நின்றதில்லை. யாரைப் பார்த்துக் கத்த?

அப்பா தூரத்தில் மரத்தடியில் நின்றிருந்தார். கிட்டே வரவில்லை.

குரூப்பில் மேனேஜர் போட்டிருந்தது பொய் இல்லை. எனக்கு மேட்ச் அனுபவம் கிடையாது. இன்றைக்கு என் கண்ணாலேயே பார்த்தேன். கு. சார் செய்த மற்றதை எல்லாம் திட்டித் தீர்த்துவிடலாம். இதைத்தான் தாங்க முடியவில்லை.