உன் பங்கு நடை

வல்லம்
9.11.2014

அன்பு மகன் வெற்றிவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சினைமாடும் நல்ல சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, அதை நீயே சப்பாத்தியோடு சுற்றி என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாய். போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஐதராபாத்தில் உன்னோடு இருபது நாள் இருந்துவிட்டு ரயில் ஏறினேனே, வழியில் பசித்து மூட்டையைப் பிரித்தால் சப்பாத்தி சுற்றிய காகிதத்தில் உன் பெயர், வயது இருபத்தாறு, கீழே ரத்தப் பரிசோதனை என்று போட்டு வரிசையாக எண்கள், அதில் இரண்டு மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. நல்ல எண்ணாக இருந்தால் என் பிள்ளை கண்ணாடி போட்டு மாட்டியிருப்பான், ஓட்டப்பந்தயத்தில் கொடுத்த தகர மெடலையே சுவரில் மாட்டி வைத்தவன் ஆயிற்றே என்று நினைத்ததும் சப்பாத்தியை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். ஊர் வந்து, உன் அப்பாவுக்கு மாத மாத்திரை வாங்கப் போன இடத்தில் நர்சு தேவயானியிடம் தொக்குக் கறையோடு அந்தக் காகிதத்தைக் காட்டினேன். சர்க்கரை இன்னும் வந்துவிடவில்லை, வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, ரத்தத்தில் கொழுப்பும் ஏறியிருக்கிறது என்றாள். நான் விடுவேனா, என் பையன் தினமும் விடியற்காலை பத்து கிலோமீட்டர் ஓடுகிறான், தொப்பை கிடையாது, பீடி கிடையாது, இது வேறு யாருடைய ரத்தமோ என்று சண்டைக்குப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, ஓடி முடித்து என்ன பண்ணுவான் என்று கேட்டாள். உட்காருவான் என்றேன். எவ்வளவு நேரம் என்றாள். நான் எண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன்.

நான் வந்திருக்கிறேன் என்று நீ வீட்டிலிருந்தே வேலை பார்த்தாயே, அதில் ஒருநாள் பொழுது போகாமல் எண்ணினேன். காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் நாற்காலியை விட்டு நான்கு முறை எழுந்தாய், அதிலும் ஒருமுறை கரண்டு போனதால். தேவயானி சொன்னது இதுதான், "அக்கா, காலைல ஓடறது ரொம்ப நல்லது, அதை நிறுத்தச் சொல்லாதீங்க. ஆனா ஒரு மணி நேரம் ஓடிட்டு பத்து மணி நேரம் அசையாம குந்திக்கினு இருந்தா, அந்த ஓட்டம் இதைச் சரிக்கட்டாது. அரை மணிக்கு ஒருக்கா எழுந்து ரெண்டு மூணு நிமிஷம் நடந்தாலே போதும், மூணு மாசம் கழிச்சி திரும்ப ரத்தம் பார்க்கச் சொல்லுங்க." மருந்து மாத்திரை எதுவும் சொல்லவில்லை, டாக்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். உன் அப்பா கேட்டுவிட்டு, "என்னாடி இவன், காலைல குதிரை மாதிரி ஓடிக்கினு பகல் பூரா புள்ளையாரு மாதிரி குந்திக்கினு கீறானா" என்று சிரித்தார், பிறகு தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாலிபால் ஆடியவர்தானே, மற்ற ஆறு நாளும் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தே இருந்தார், நாற்பத்திரண்டு வயதில் செங்கல்பட்டு தாண்டும்போது மார்வலி வந்து வண்டியை ஓரம் கட்டியது உனக்கு மறந்திருக்காது, நீ அப்போது எட்டாவது. அவருக்குப் பீடியும் சேர்ந்து கெடுத்தது என்று வைத்துக்கொள். இப்போது லாரியை விட்டு நம் டீக்கடையில் நாள் பூராவும் நின்றும் நடந்தும்தான் இருக்கிறார், போன மாதம் டாக்டர் பார்த்துவிட்டு நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார், அதனால் நீயும் மிரளாதே.

இதில் என் தப்பும் இருக்கிறது ராசா. இருபது நாளும் நீ தண்ணீருக்கு எழுந்தால் "நீ குந்துடா, நான் எடுத்தாறேன்" என்று ஓடினேன். டீ, முறுக்கு டப்பா, சார்ஜர், கை துடைக்கத் துண்டு வரைக்கும் உன் கைக்கு எட்டுகிற இடத்தில் அடுக்கி வைத்தேன். தட்டைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து வாங்கிப் போனேன். சின்ன வயதிலிருந்தே உன்னை அப்படித்தான் பழக்கினேன், பிள்ளைக்குச் செய்கிறேன் என்று பூரித்துப்போய்ச் செய்தேன். தேவயானி சும்மா இருக்காமல் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாள், ஐம்பது வயதில் எனக்குச் சர்க்கரையும் இல்லை கொழுப்பும் இல்லை. இருக்காதே பின்னே, இத்தனை வருடமாக உன் பங்கு நடையையும் நானே நடந்திருக்கிறேன்.

அதனால் ஒரு ஏற்பாடு. போனை மேசையில் வைக்காமல் எதிர் ஜன்னலில் வை. காலை பத்திலிருந்து மணிக்கு ஒருமுறை உன் அப்பா கடையிலிருந்து மிஸ்டு கால் விடுவார், எடுத்து என்னப்பா என்று கேட்காதே, எழுந்துபோய் நிறுத்திவிட்டு அப்படியே நான்கு நடை நடந்துவிட்டு வா. நடு அரை மணிக்கு நீயே எழுந்துகொள், அதற்கும் அப்பன் வேண்டுமா உனக்கு. ஆபீசுக்குப் போனாலும் இதேதான், தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வாங்கு, தீரத் தீர எழுந்துபோய் நிரப்பு. கடையில் விஷயம் பரவிவிட்டது, டீ குடிக்க வருகிற முத்துசாமி கடிகாரத்தைப் பார்த்து உன் அப்பாவிடம் "மாயவா, மணி ஆச்சு, ஐதராபாத்துல புள்ளைய எழுப்பு" என்று இப்போதே கத்திப் பழகுகிறார், வல்லம் கூட்டுரோடே உன்னை எழுப்பப் போகிறது. நானும் திருவக்கரை அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் எழுந்திருக்க வேண்டியது நீதான்.

பார்சலில் கேப்பை மாவும் கொஞ்சம் மல்லாட்டைக் கடலை உருண்டையும் வைத்திருக்கிறேன், டப்பாவைச் சமையலறை மேல் பலகையில் வை, மேசைக்குக் கொண்டு வராதே. பொங்கலுக்கு வரும்போது உனக்கு யாரும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள், குடம் தோட்டத்துப் பக்கம் இருக்கிறது. நான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். நீ போய் மொண்டுவந்து முதலில் எனக்குக் கொடு, பிறகு நீ குடி.

நோய்நொடி அண்டாமல் நூறு வயது நடந்து திரி. தை முடிவதற்குள் மறுபடி ரத்தம் பார், அந்தக் காகிதத்தில் எதையும் சுற்றாமல் அப்படியே எனக்கு அனுப்பு.

இப்படிக்கு, உன்னைக் குந்தவைத்துக் கெடுத்த
அம்மா வடிவு