வேலியோரத்து ஹாப்ஸ் கொடி

ஏப்ரல் 19
வேலியோரம், பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடி முளைவிட்டிருக்கிறது. வலுவான தளிர்களைக் கயிற்றில் ஏற்றிவிட்டு, மற்றதைக் கிள்ளி வெண்ணெயில் வதக்கி முட்டை உடைத்து ஊற்றினேன். ஓட்டோ தட்டை வழித்துச் சாப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

ஜூன் 8
பக்கத்து வீட்டு ரதேக்கின் நாய் பெக், மறுபடியும் வேலிக்கு அடியில் நுழைந்து கொடியின் வேரைத் தோண்டிவிட்டது. ஓட்டோ மண்வெட்டியோடு துரத்தினார். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா உயிரோட திரும்பாது, சொல்லிட்டேன்!"
ரதேக் அந்தப் பக்கம் நின்று கேட்டார். நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 2
மதுக்கடையிலும் ஓட்டோ அதையே சொன்னாராம், எல்லோர் காதிலும் விழ. ரதேக்கின் மனைவி ஹெட்விகா ரொட்டிக் கடையில் என்னைப் பார்க்காததுபோல் போனாள்.

ஆகஸ்ட் 27
பூப் பறித்தோம். விரலெல்லாம் மஞ்சள் பிசின். பரணில் உலரப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் தலையணைக்குள் — ஓட்டோவுக்குத் தூக்கம் வருவதில்லை. மிச்சம் பீருக்கு.
இன்றும் வேலியோரம் அந்த நாய். ஓட்டோ ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம்.

செப்டம்பர் 13
பெரிய பானையில் பீர் காய்ச்சினேன். வீடு முழுக்கக் கசப்பு வாசம். வடித்த பூச்சக்கையை உரக்குழியில் கொட்டினேன். கை வலிக்கிறது.

செப்டம்பர் 14
பெக் செத்துவிட்டது.
வெயிலே இல்லை, ஆனால் நாக்கு தொங்க மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தது. ஹெட்விகா ஈரத் துணியைப் போட்டுக்கொண்டே அழுதாள். "உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குதே!" மருத்துவரிடம் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.
ரதேக் எங்கள் வாசலில் நின்று கத்தினார். "விஷம் வச்சுட்டியேடா பாவி!"
ஓட்டோ வெளியே போகவில்லை.
கொட்டகையில் எலி மருந்துப் பொட்டலம் பிரிந்திருக்கிறது. நானா பிரித்தேன்? எப்போது? கேட்கத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 15
கேட்டுவிட்டேன். "நீங்களா?"
"இத்தன வருஷம் கூட இருந்துட்டு இதக் கேக்குறியா, ஜித்கா?" சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து போனார்.
இல்லை என்று ஏன் சொல்லவில்லை?

செப்டம்பர் 17
கால்நடை மருத்துவர் தெருவில் என்னை நிறுத்தினார். "வயித்தத் திறந்து பாத்தேம்மா. உள்ள முழுக்க ஹாப்ஸ் பூ. நாய்க்கு அது ஆகாது, சூடு ஏறி ஏறியே கொன்னுடும். நீங்க காய்ச்சின சக்கைய எங்க கொட்டுனீங்க?"
குழிக்கு ஓடினேன். கிளறிக் கிடக்கிறது. நகத்தடம்.
நான். ஐயோ, நான்தான். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.
ஓட்டோவிடம் சொன்னேன். காலணிக் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். "ஊரு என்னயத்தான சொல்லுது? அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீ போய் அவங்க வாசல்ல நிக்காத."

செப்டம்பர் 18
போய் நின்றேன். சக்கையைக் கொட்டியது நான்தான் என்றேன். ஹெட்விகா கதவைப் பிடித்தபடி கேட்டாள்.
"தெரியாமத்தான செஞ்ச?"
"சத்தியமா தெரியாது, ஹெட்விகா."
கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருக்கலாம்.

நவம்பர் 3
பீர்ப் புட்டிகளை இதுவரை யாரும் திறக்கவில்லை.

மார்ச் 22
ரதேக் வீட்டில் புது நாய்க்குட்டி. காலையில் அவர் வேலியடியில் கம்பி வலை அடித்துக்கொண்டிருந்தார். ஓட்டோ யாரும் கூப்பிடாமலே போய் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கடைசி ஆணி வரைக்கும், ரதேக் அவரைப் போகச் சொல்லவில்லை.