ஜோடி மாற்றித் தரப்பட மாட்டாது

மார்ச் 4, செவ்வாய்

ஃபிரிட்ஜில் இருந்த முட்டைகளுக்கெல்லாம் பேனாவால் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்தேன். காலையில் அம்மா கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று பார்த்து, "யாரையும் உடைக்க மனசு வரலை" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்தாள். அலறவில்லை. அம்மாவை ஏமாற்றுவது கஷ்டம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துப் பழகியவளிடம் வீட்டில் எதை ஒளிப்பது?

ஆனால் அவள் ஒன்றை ஒளித்திருக்கிறாள். சாயங்காலம் போர்வை மடிக்கும்போது வந்தது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, மடித்து மடித்து எதிரெதிரே கிட்ட வந்ததும், "ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்குறார்" என்றாள்.

போர்வையை விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பழக்கமாம். பெயர் சொல்லவில்லை, வேலையும் சொல்லவில்லை. சொன்னால் நான் அவரை ஒரு வழி பண்ணிவிடுவேனாம். (நியாயமான பயம்.) அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார்; என் பிறந்தநாளுக்கு மறுநாள் தவறாமல் வாழ்த்துவார். ஆக, இடம் காலிதான். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் பை வைப்போமே, அந்த மாதிரி நான் இத்தனை வருஷமாக அங்கே என் பையை வைத்திருக்கிறேனே?

"நீ வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். இது இன்னும் மோசம். கோபப்படவும் வழியில்லாமல் செய்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவின் திட்டம்: ஞாயிறு காலை ஒரு கூட்டம் மலைக்கோயிலுக்கு ஏறுகிறது. வழிகாட்டியோடு அரைநாள் நடை. அந்த ஆளும் அதில் வருகிறார். நானும் வர வேண்டும். ஆனால் யார் என்று சொல்ல மாட்டாள்.

"முதல்ல மனுஷங்களைப் பாரு. மேல போனதும் சொல்றேன்."

"அவருக்கு மட்டும் நான் யாருன்னு தெரியுமா?"

"முழிக்கிற முழியிலயே தெரிஞ்சுடும்டி."

எனக்குள் ஒரு துப்பறியும் நாய் எழுந்து சோம்பல் முறிக்கிறது.

மார்ச் 8, சனி

சாக்ஸ், தண்ணீர், சந்தேகம். எல்லாம் பையில் எடுத்து வைத்தாயிற்று.

மார்ச் 9, ஞாயிறு

கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. கை மிச்சமிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அடிவாரத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் கூடினோம். வழிகாட்டி ஓர் அக்கா. கழுத்தில் விசில்; குரலே இன்னொரு விசில். ஒரு தடவை ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும். இரண்டு தடவை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். அவரவர் தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதை விசில் அக்காவே முடிவு செய்வார்.

"வீட்டு ஆளுங்களை மட்டும் ஒண்ணா விட மாட்டேன். பாதி மலையில சண்டை வரும், ஆளுக்கொரு பக்கம் போவாங்க, நான்தான் தேடணும். ஒருதடவை சேத்துட்டா மேல போற வரைக்கும் ஜோடி மாத்தித் தர மாட்டேன்."

அம்மாவுக்கு ஒரு கல்லூரிப் பெண். எனக்கு ஓர் ஒல்லி மனிதர். அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "வேற யாரையாவது..." என்று இழுத்தார். "பாப்பா கடிக்காது சார்" என்றார் விசில் அக்கா. (கடிப்பேன்.) அம்மா அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள்.

ஒல்லி மனிதர் லிஃப்ட் மெக்கானிக்காம். ஊரையெல்லாம் நோகாமல் மேலே ஏற்றுகிறவர் இன்று தானே ஏறுகிறார். மூச்சு வாங்கினார், வாங்கினார், வைக்க இடமில்லாத அளவுக்கு வாங்கினார்.

"பள்ளிக்கூடத்துலதான் படி படின்னு உயிரை எடுக்கிறாங்க. இங்க வந்தாலும் படிதான்" என்றேன்.

"நானும் படிக்கு பயந்துதான் லிஃப்ட் பக்கம் போனேன்" என்றார், சிரிக்காமல்.

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

மரநிழலில் நடந்துகொண்டே ஆட்களை எடை போட்டேன். புதுமணத் தம்பதி, கழித்துவிடலாம். கைகோத்து நடக்கும் வயதான தம்பதி, அவர்களையும். மிச்சம் இரண்டு பேர்: தொப்பிக்காரர், கேமராக்காரர். ஆஸ்பத்திரியில் பழக்கம் என்றால் டாக்டராக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் நோயாளியாகவாவது. லிஃப்ட் மெக்கானிக்கை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. (ஆஸ்பத்திரி எத்தனை மாடி? எல்லோரும் எதில் ஏறுகிறார்கள்? யோசித்தாயா, துப்பறியும் நாயே?)

தனியாக விசாரிக்க முடியாது என்று அவரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். முழுக்கதையும் சொன்னேன். அவர் நின்று தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

"கண்டுபிடிச்சு என்ன பண்ணுவே?"

"நல்ல ஆளா இருந்தா விட்டுடுவேன். இல்லைன்னா ஓட்டிடுவேன்."

"ஓ" என்றார்.

விசாரணை ஜோராகப் போயிற்று. ஓடையைத் தாண்டும்போது தொப்பிக்காரர் அம்மாவுக்குக் கை கொடுத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதாவது நிமிர்ந்து நடந்தேன். லிஃப்ட் அங்கிளோ, "கை குடுத்தது சரி. தன் ஷூ நனையாத இடமாப் பாத்து நின்னுல்ல குடுத்தார்" என்று பாதி மார்க் போட்டார். கேமராக்காரர் இலை, பூச்சி, பாறை எல்லாவற்றையும் எடுத்தார். மனிதர் ஒருவரையும் எடுக்கவில்லை. அம்மாவும் படம் எடுப்பவள்தான், ஒரு வீட்டுக்கு எத்தனை படம் பிடிப்பவர்கள் என்று லிஃப்ட் அங்கிளிடம் கேட்டேன். "இவர் மேல்தோல், அவங்க உள்எலும்பு. நடுவுல சதைக்கு ஆள் இல்லை" என்றார்.

நடுவில் ஒருமுறை இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அக்கா மாதிரியே ஊதினேன். கூட்டமே சிலையாக நின்றது. அக்கா தன் விசிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் என்று கேட்டபோது லிஃப்ட் அங்கிள் கை தூக்கினார். பல் இடுக்கில் காற்று போய்விட்டதாம். அவர்தான் திட்டு வாங்கினார்.

அதனால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரிடமும் சொல்லாததை. தினமும் சாயங்காலம் டீ குடிக்கும்போது அம்மாவுக்கு டாக்டர்கள் மாதிரியும் வார்டு நர்ஸ் மாதிரியும் நடித்துக் காட்டுவேன், அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். புது ஆள் வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பாளா? அவர் முன்னால் 'சும்மா இருடி' என்று சொல்லிவிட்டால்?

"சொல்லிட்டா?" என்று கேட்டார்.

"நான் வேற வீடு பாத்துக்குவேன்."

"வாடகை ஜாஸ்தியாச்சே" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கோயில் கிட்டே வந்துகொண்டிருந்தது. அம்மா சொல்வதற்கு முன்னால் நானே கண்டுபிடிக்க வேண்டும். ஆபத்து வந்தால் யார் அம்மாவை முதலில் பார்க்கிறாரோ அவர்தான். இதைவிட எளிய பரீட்சை உண்டா? லிஃப்ட் அங்கிள் ஒரு கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது நழுவி முன்னே ஓடி, வளைவு தாண்டி ஒரு பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அங்கிருந்து கீழே பாதை முழுக்கத் தெரியும்.

இரண்டு விசில்.

தொப்பிக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். கேமராக்காரர் கேமராவை. இரண்டு பேரும் அம்மா பக்கமே திரும்பவில்லை. அப்போதுதான் அம்மாவின் குரல் கேட்டது.

"அவ எங்க? உங்ககூடத்தானே இருந்தா? ஒரு புள்ளையைப் பாத்துக்கத் துப்பில்லை, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறீங்க. போங்க, போய்ப் பாருங்க முதல்ல."

லிஃப்ட் அங்கிளைத்தான்.

அம்மா வெளியாட்களைத் திட்டமாட்டாள். ஆஸ்பத்திரியில் கத்துகிற நோயாளியிடமும் 'கொஞ்சம் அசையாம இருங்க சார்' என்பாள். பேருந்தில் யாராவது இவள் காலை மிதித்தால் இவள் மன்னிப்புக் கேட்பாள். அவளிடம் இப்படி ஒரு திட்டு வாங்குகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். நான் ஒருத்தி. அப்புறம் —

ஐயோ.

அவர் படியை விட்டுவிட்டுக் குறுக்கே பாறையில் தொற்றி ஏறி வந்தார். முழங்கை சிராய்ந்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. "அடி பட்டுச்சா? பாம்பா?" நான் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதானா அது?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

எவ்ளோ சொன்னேன் — அந்த ஆளைப் பத்தி அந்த ஆள்கிட்டயே — மார்க் வேற போட்டாரு மனுஷன். ஊரையே ஏமாத்துற என்னை ஸ்பேனர் பிடிக்கிற ஆள் ஒருத்தர் காலையில இருந்து ஏமாத்திட்டு — டீ விஷயம் வரைக்கும் சொல்லிட்டேனே. ஏன் சொன்னேன்? யாரு சொல்லச் சொன்னா?

கத்தினேன். நீங்கள் ஏமாற்றுக்காரர் என்றேன், நன்றாக இல்லை என்றேன், இன்னும் என்னென்னவோ.

"நீ கதையைச் சொன்ன உடனேயே நான்தான்னு சொல்லிருக்கணும். தப்புதான்" என்றார். "நீ பேசிக்கிட்டே இருந்தே. கேக்க நல்லா இருந்துச்சு, நிறுத்த மனசு வரலை." பிறகு அவர் குரலும் ஏறியது. "ஆனா ரெண்டு விசில் விளையாட்டு இல்லம்மா. கீழ உங்கம்மா எப்படி நின்னாங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்தேன், கேமராவைப் பார்த்தேன். அம்மாவைப் பார்க்கவில்லை. அது தெரிந்ததால் இன்னும் பலமாகக் கத்தினேன். அவரும் விடவில்லை. விசில் அக்கா இரைக்க இரைக்க வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டு ஆளுங்களை ஜோடி சேக்க மாட்டேன்னு கீழயே சொன்னேன்ல? அப்பவே சொல்றதுக்கு என்ன உங்களுக்கு?"

"வீட்டு ஆள் இல்ல" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே கடுகடுப்பில்.

அக்கா நம்பவில்லை. பொய் விசிலுக்குத் தண்டனையாக, இறங்கும்வரை கூட்டத்தின் குப்பைப் பை என் தோளில்.

கோயில் சின்னது. ஒரு முருகன், ஒரு மணி, காற்றோடு சண்டை போடும் ஒரு விளக்கு. குருக்கள் திருநீறு கொடுத்தார். கோபத்தில் சாமியிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வெறுமனே நின்றேன். வெளியே மண்டபத்தில் வந்து உட்கார்ந்ததும் அம்மா பக்கத்தில் வந்தாள். திட்டப் போகிறாள் என்று தயாரானேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிக்கலைன்னா சொல்லு. இங்கயே முடிச்சுக்கலாம். நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் தூரத்துத் தூணடியில், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அமைதி ஆகாது. எங்காவது அமைதி விழுந்தால் வாய் தானாக வேலை செய்யும். விசில் அக்கா மாதிரி ஆரம்பித்துவிட்டேன்: இடுப்பில் கை, கழுத்தை நீட்டி, "பாதி மலையில சண்டை வரும், நான்தான் தேடணும்..."

"சும்மா இருடி, கோயில்ல" என்றாள் அம்மா.

அதே வார்த்தை. காலையில் நான் சொன்ன அதே வார்த்தை. அம்மாவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

"விடுங்க" என்றார் தூணடியிலிருந்து. "பாதியில நிறுத்தினா எப்படி? பாப்பா கடிக்காதுன்னாங்களே, அதைச் செய்."

செய்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக, லிஃப்ட் கதவு மூடுகிற மாதிரி.

இறங்கும்போது ஜோடி மாற்றட்டுமா என்று விசில் அக்கா கேட்டார். "மாத்துங்கக்கா, என்னை அந்தக் காலேஜ் அக்காவோட விடுங்க" என்றேன். அப்போது மிச்சம் இருப்பது யார் யார் என்று அக்காவே பார்த்துக்கொள்ளட்டும்.

பாதி மலையில் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை. எந்தப் பக்கம் ஓடை வந்தது என்று. விசில் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 10, திங்கள்

பள்ளிக்கு நண்டு மாதிரி நடந்து போனேன். சாயங்காலம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிட வரச் சொல்லட்டுமா என்று டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முழங்கை ஆறிவிட்டதா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார். அவருக்கென்று போட்ட நாற்காலியில் ஒரு திருகாணியைத் தளர்த்தி வைத்திருந்தேன். மனிதர் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் எடுத்து முடுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

எதிரி பலமானவர். சந்தோஷமாக இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

ஆசிரியர் அறையின் முன்கதவில் 'பழுது, பின்கதவைப் பயன்படுத்தவும்' என்று ஒட்டினேன். பின்கதவில் 'பழுது, முன்கதவைப் பயன்படுத்தவும்'. கணக்கு சார் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது கண்கொள்ளாக் காட்சி. கையெழுத்தால் மாட்டிக்கொண்டேன். வீட்டிலிருந்து உடனே யாராவது வர வேண்டும் என்றார் தலைமையாசிரியை. அம்மாவுக்கு எக்ஸ்ரே அறையை விட்டு நகர முடியாத நாள்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு அவர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் கிரீஸ். தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக், மேடம்."

"இங்க லிஃப்ட்டே இல்லையே."

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் பதிவுத் திருமணம், நாள்கூடக் குறித்தாயிற்று. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருந்து வந்திருக்காரு, மேடம்" என்றேன்.

உட்காரச் சொன்னார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கிரீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பாவம், இந்த அறைக்கு முதல் தடவை. தலைமையாசிரியை ஆதாரக் காகிதங்களை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியபோது அவர் காதருகே குனிந்தேன்.

"பயப்படாதீங்க. தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருங்க, சீக்கிரம் முடிஞ்சுடும்."