பிறை அங்கே, கிரகணம் இங்கே

பிப்ரவரி 19, வியாழன்

வெயில் இப்போதே சுள்ளென்று. பஸ்ஸில் உட்கார இடமில்லை. காவிரிப் பாலம் முழுக்க நின்றபடிதான்.

7 பி. நிலாவின் பிறைகள், முதல் வகுப்பு. நிலா ஏன் தேய்கிறது என்று கேட்டேன். கோகுல் (முதல் பெஞ்ச், வாய் மூடாதவன்): "பூமியோட நிழல் விழுது மிஸ்." வகுப்பே தலையாட்டியது. வருஷா வருஷம் இதே பதில். நிழல் விழுவது கிரகணம், தேய்வது வேறு சமாசாரம் என்று தொண்டை கிழியச் சொன்னாலும் பரீட்சையில் மறுபடி நிழல்தான் விழும்.

ஷிஃபானா எழுந்தாள். முதல் நோன்பு, உதடெல்லாம் காய்ந்திருந்தது. "நேத்துதான் மிஸ் இங்க பிறை பாத்தோம். துபாய்ல முந்தாநாளே தெரிஞ்சிடுச்சாம், எங்க அத்தா சொன்னாங்க. ஒரே நிலாதானே மிஸ்?"

அங்கே சூரியன் நம்மைவிடப் பிந்தி மறையும், அதற்குள் பிறை கொஞ்சம் வளர்ந்துவிடும், அதோடு பிறை தெரிந்ததாக அந்தந்த ஊரில் அறிவிப்பதும் இருக்கிறது என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. "எப்பவும் ஒரு நாள் தள்ளித்தான் மிஸ். நோன்பும் அப்படி, பெருநாளும் அப்படி." அப்பா அங்கே ஏசி மெக்கானிக். ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது.

பாவமாகிவிட்டது. சொல்லிவிட்டேன்: "மூணாம் தேதி சாயங்காலம் சந்திர கிரகணம். அது பிறை மாதிரி இல்ல, எல்லா ஊருக்கும் ஒரே நேரம்தான். நீயும் அத்தாவும் சேந்தே பாக்கலாம்."

எப்படிச் சிரித்தாள்!

வாங்க: தயிர், இவருடைய பிரஷர் மாத்திரை, டென்னிஸ் பந்து ஆறு.


பிப்ரவரி 23, திங்கள்

சோதனை நாள். லேப் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. பல்பு எரியவில்லை. இந்தப் பள்ளியில் பல்பு எப்போது எரிந்திருக்கிறது.

ஷிஃபானா பையிலிருந்து ஒரு டார்ச் எடுத்தாள். துபாய் பார்சலில் வந்ததாம். கண் கூசும் வெளிச்சம், கண்ணாடியில் மட்டும் குறுக்கே ஒரு விரிசல். "அத்தா அனுப்புற பார்சல்ல ஏதாவது ஒண்ணு உடைஞ்சுதான் மிஸ் வரும். போன தடவ சென்ட் பாட்டில். பால் பவுடர் பூரா வாசனை."

டார்ச் சூரியன். பென்சிலில் குத்திய பந்து நிலா. அவரவர் தலை பூமி. பந்தைக் கையில் நீட்டிக்கொண்டு சுற்றினார்கள். பிறை வந்தது, பாதி வந்தது, முழு நிலா வரும்போது தலை நிழல் பந்தின்மேல் விழுந்தது. "மிஸ், கிரகணம்!" கூச்சல். கோகுல் உடனே: "அப்ப பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரணுமே?" நல்ல கேள்வி. பந்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடி என்றேன். நிழல் தப்பியது. "ஓ" என்றான். பந்தைத் தூக்கியும் இறக்கியும் தானே இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

மணி அடித்த பிறகு ஷிஃபானா வந்து நின்றாள். கிரகணத்தன்றைக்கு அவள் அப்பா வேறு ஆளோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டுவிட்டாராம். ரெண்டு பேரும் வீடியோ காலில் ஒன்றாகப் பார்க்கப் போகிறார்கள்.

தயிர் மறந்துபோயிற்று.


பிப்ரவரி 26, வியாழன்

கிரகணம் பார்க்க ஹெச்.எம். அனுமதி தந்துவிட்டார், மாலை ஆறு மணிக்குப் பள்ளி மொட்டை மாடி. ஏறிப் பார்த்தேன். கிழக்கே நேர் எதிரே மலைக்கோட்டை. பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன், மலை எந்தப் பக்கம் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். நிலா அந்தப் பாறையைத் தாண்டி வருவதற்குள் கிரகணம் முடிந்துவிடும். அவரவர் வீட்டிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று வீட்டில் போனில் தேடினேன். நமக்கு ஆறரைக்குள், பாதிக் கிரகணத்தோடு. கடைசிக் கொஞ்சம்தான் நமக்கு. சரி, துபாய்?

துபாயில் அப்போது ஐந்து மணி. சூரியனே மறைந்திருக்காது. நிலா வரும்போது கிரகணம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒரே நேரம்தான், பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் நிலா மேலே இருக்க வேண்டுமே. 'இரவுப் பக்கம் முழுவதும் தெரியும்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவளே நான்தான். அங்கே இரவா என்று யோசிக்கவில்லை. சீ.

இவர் எட்டிப் பார்த்து, "என்ன, நெத்தியில அடிச்சுக்கறே?" "ஒண்ணுமில்ல."


மார்ச் 2, திங்கள்

வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். தள்ளிப்போட்டேன்.

இன்று வகுப்பிலேயே சொன்னேன், நான் சொன்னது தப்பு என்று. பலகையில் படம் போட்டேன். கோகுலுக்குக் கொண்டாட்டம்: "மிஸ்ஸுக்கே தப்பு!" ஷிஃபானா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "பரவால்ல மிஸ்" என்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். பக்கம் திருப்பவேயில்லை.

வெட்கமாக இருந்தது எனக்கு.

மாலை கேட் அருகே காத்திருந்தாள். "அத்தாகிட்ட நான் சொல்ல மாட்டேன் மிஸ். ஷிப்டெல்லாம் மாத்திட்டாங்க. நீங்களே வந்து சொல்லுங்க." கெஞ்சல் இல்லை, உத்தரவு. வருகிறேன் என்றேன். அவர்கள் வீடு மலைக்குக் கிழக்குப் பக்கம்தான். மொட்டை மாடியிலிருந்து நிலாவும் தெரியும்.

இவரிடம் சொன்னால் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிரகணத்தன்னிக்கு ஊர் சுத்தப் போறியா? ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணிட்டுத்தான் அடுப்பண்ட போகணும், சொல்லிட்டேன்." நிலா கிரகணத்தோடு உதிப்பதால் நாளைக்குப் பகலெல்லாம் வேறு சாப்பாடு கிடையாதாம். இவர் வீட்டு வழக்கம். சரி, பட்டினி.


மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். நாலு மணிக்கு மேல் கலைந்தது.

பகலெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் ஐந்து பீரியட். தலை கிறுகிறுப்பு. ஷிஃபானா பதிமூன்று நாளாக இப்படித்தான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர்கள் வீடு. மூன்று மாடி, ஏணி மாதிரிப் படி. மாடியில் பாய் விரித்து எல்லாம் தயார்: பேரீச்சம்பழம், வடை, ஆரஞ்சு, கஞ்சி. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவள் அம்மா கிண்ணத்தை நீட்டினார். "கறி போடல டீச்சர். உங்களுக்குன்னு தனியா காச்சுனேன்."

எங்கள் வீட்டுக் கணக்குப்படி கிரகணம் விடவில்லை. கிரகணத்தில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று வகுப்பில் அடித்துச் சொல்கிறவளும் நான்தான். ஷிஃபானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்தேன். ரெண்டு கிண்ணம். இவரிடம் சொல்வதாக இல்லை.

கிழக்கே புழுதி மங்கலுக்குள் நிலா வந்தது. சிவப்பாக, மேல் பக்கம் கொஞ்சம் காணாமல். "பௌர்ணமியில பிறை மாதிரி!" என்றாள். உடனே திருத்திக்கொண்டாள்: "பிறை இல்ல. நிழல்."

போன் அடித்தது. தண்ணீர்த் தொட்டிமேல் சாய்த்து வைத்தாள். திரையில் அவள் அப்பா, தொப்பியும் வேர்வையுமாக. பின்னால் பளீரென்று வெயில். "எங்கம்மா நிலா? நானும் வானத்தையே பாக்குறேன், வெயில்தான் அடிக்குது."

நான் ஆரம்பித்தேன். புவியின் சுழற்சி, தீர்க்கரேகை, உதய நேரம். அவர் மரியாதையாக "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றார். ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது.

"மிஸ், நீங்க தள்ளுங்க." ஆரஞ்சில் ரெண்டு கிராம்பைக் குத்தினாள் ஷிஃபானா. விரிசல் விழுந்த டார்ச்சை அம்மா கையில் கொடுத்தாள். "அம்மா சூரியன். மிஸ், நீங்க நிலா. அங்க போய் நில்லுங்க." நின்றேன்.

"அத்தா, இது நம்ம திருச்சி. இது நீங்க. சுத்துறேன், பாருங்க. திருச்சி முதல்ல இருட்டுக்கு வந்துருச்சு, அதான் எங்களுக்கு நிலா தெரியுது. நீங்க இன்னும் வெளிச்சத்துலயே இருக்கீங்க."

அவர் ஆரஞ்சையே பார்த்தார். "அப்ப எனக்குக் கிரகணமே கிடையாதா?"

"நீங்க இருட்டுக்கு வர்றதுக்குள்ள நிழல் போயிரும். உங்களுக்கு முழு நிலாதான். நாங்க இங்க பாத்து, முழுசாக்கி அனுப்புறோம் அத்தா. நீங்க நோன்பு தொறக்குறப்ப வந்து சேந்துரும்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு சிரித்தார். "சரிம்மா. பாத்து பேக் பண்ணி அனுப்பு."

நிழல் போகும்வரை போனை நிலாவுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலிக்கிறதா என்று கேட்டேன், போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஸ்ரீரங்கம். குளித்தாயிற்று. இவர் "பசிக்கறதா?" என்றார். "ரொம்ப" என்றேன்.

தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது போன். ஷிஃபானா ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஏதோ உயரமான கட்டடம், ஓரத்தில் கிரேன், மேலே வெள்ளையாக முழு நிலா. கீழே அவள் அப்பா எழுதியது: பார்சல் வந்துருச்சும்மா. எதுவும் உடையல.