ஓடத்துக்குப் பைப் அடித்தவன்

காலையில் லாரி கழுவும் ஷெட்டைத் தாண்டி வந்தேன். ‘வாட்டர் சர்வீஸ்’ என்ற பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்துவிட்டேன்; இந்த வயதில்தானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். சந்தோஷத்தில் இன்னொரு முறையும் படித்தேன். அப்போது டீசலும் ஈரச் சேறும் கலந்த வாடை வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு ஓடம் தள்ளிய உன் நினைப்புதான்.

அறுபதுகளில் ஓர் ஆடி மாதம். கொள்ளிடத்தில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு அக்கரைப் பெண்களை நம் ஓடத்தில்தான் ஸ்ரீரங்கத்துக்கு ஏற்றிவர வேண்டும். மணலில் கவிழ்த்த ஓடத்தின் அடிப்பாசியை நாம் இருவரும் இரண்டு நாளாகக் கொட்டாங்கச்சியால் சுரண்டினோம். எனக்கு அலுத்துவிட்டது. கரையோர லாரி ஷெட்டிலிருந்து எஞ்சின் பம்பின் பைப்பை இழுத்து வந்தேன்.

“ஓடம் என்ன லாரியா மாப்ளே? பலகை இடுக்குல அடைச்ச பஞ்சு பிச்சிக்கிட்டு வந்துரும். வேணாம்டா” என்றாய்.

“நீ சுரண்டு, அடுத்த ஆடிக்கு முடிச்சிருவ” என்று சிரித்தபடி பீய்ச்சி அடித்தேன். ஒரு மணி நேரத்தில் மரம் பளிச்சென்று ஆகிவிட்டது. கழுவிய ஓடத்தை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கசிவு பார்த்த பிறகே ஆள் ஏற்றுவது வழக்கம். மறுநாள் விடிந்ததுமே கூட்டம் நின்றதால் அதையும் செய்யாமல் ஆளை ஏற்றிவிட்டோம்.

நடு ஆற்றில் உன் காலடியில் தண்ணீர் ஊறியது. துண்டை இடுக்கில் திணித்து, அதன்மேல் குதிகாலை அழுத்தி நின்றாய்.

“என்னய்யா, ஒத்தக்கால்ல தவமா?” என்றாள் ஓர் அம்மாள்.

“ஆமாங்க, நீங்க கரை சேரணும்னுதான்” என்றாய். பெண்கள் சிரித்தார்கள். நான் மூச்சுவிடாமல் கழி ஊன்றினேன். எல்லோரும் இறங்கியதும் ஓடம் துறையிலேயே அமிழ்ந்தது.

துறைக் குத்தகைக்காரர் ஓடி வந்தார். “எவன்டா பைப் அடிச்சது?”

“நாந்தாங்க. இவன் வேணாம்னுதான் சொன்னான்” என்றாய். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அதை நினைத்துத்தான் சொன்னாய். நான் வாய் திறக்கவில்லை.

அன்றோடு உன் வேலை போயிற்று. துவாக்குடிப் பக்கம் போய்க் கல் சுமந்தாய். உன்னைப் பார்க்க எத்தனையோ முறை பஸ் ஏறினேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். உன் சாவுக்கு வந்தபோது உன் மகள், “அப்பா அன்னிக்கு அவசரப்படாம இருந்திருக்கலாம்ல மாமா?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் கழுத்தில் கனக்கிறது.

இவ்வளவு எழுதுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. விரல் வலிக்கிறது. ஆனாலும், பைப் அடித்தவன் நான், வேண்டாமென்றவன் நீ என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வீட்டுக்குப் போகிறேன். இந்த மடலைக் கொடுத்துவிட்டு நழுவ மாட்டேன். திக்கித் திக்கியாவது அவள் முன்னால் நானே உரக்கப் படிப்பேன்.