தண்ணீர் பட்டால் ஓடும் சிவப்பு

என் அம்முலுக் குட்டிக்கு,

உன் காலேஜ் பிள்ளைகள் உன் நினைவாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். "ஆன்ட்டி, நீங்களும் அவளுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க" என்றார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

இப்பவும் பீர்க்கன்கரணைத் தெருக்களில்தான் மீன் விற்கிறேன். விஷயம் தெரியாத யாராவது "பொண்ணு எப்படி இருக்கா" என்று கேட்டால், நன்றாயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அது பொய்யா அம்முலு?

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் முகத்தைக் கெடுத்துவிட்டேன்.

காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம், பேனாவில் சிவப்பு மை ஊற்றி உன்னை நீயே வரைந்தாயே, அந்தப் படம். போட்டோவில் எல்லாம் முறைத்துக்கொண்டு இருப்பாய். அதில் மட்டும் லேசாகச் சிரித்தாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு அதையே எடுத்து வைத்தேன். உன் மாமா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பொண்ணு நெத்தி வெறுசா கீது, பொட்டு வை" என்றார். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தேன். கண்ணாடி போட்ட போட்டோவுக்கே வைத்துப் பழகிய கை. இது வெறும் காகிதம் என்று தோன்றவில்லை.

வைத்த இடத்திலிருந்து சிவப்பு கரைந்து புருவம், மூக்கு, கன்னம் என்று இறங்கியது. முந்தானையால் ஒற்றினேன். இன்னும் பரவியது. ஈரக் கையோடு கிட்ட வராதே என்று எத்தனை தரம் என்னை விரட்டியிருப்பாய்.

இப்போது வருஷ திதி வருகிறது. அதற்குள் கோடுகளைத் திருத்தித் தருகிறேன், அதே சிவப்பு வாங்கி வாருங்கள் என்றாள் உன் சிநேகிதி கவிதா. படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் நீ மை வாங்கும் கடைக்குப் போனேன்.

"எழுதவா, வரையவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டும் வேற வேறயாண்ணா?"

"பின்ன? தண்ணி பட்டா ஓடாதது ஒண்ணு கீது. ஆனா பேனாவக் கழுவாம வுட்டா அடைச்சுக்கும். மத்ததெல்லாம் எழுதறதுக்கு."

நாலைந்து பாட்டிலைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். ஒன்று ஆரஞ்சு மாதிரி அடித்தது. இன்னொன்று காயக் காய மங்கிக் கறுத்தது.

"இது வேணாண்ணா. நேத்து மீனு."

"இன்னாது?"

"செவுளு பழசாச்சின்னா இப்பிடித்தான் கறுத்துப் போவும்."

"இத்தினி வருசமா கடை வச்சிகினு கீறேன். செவுளு பாத்து இங்க் வாங்க வந்தது நீதாம்மா."

கடைசிப் பாட்டிலில் கோடு இழுத்ததுமே தெரிந்துவிட்டது. அப்போதுதான் கரையேறிய வஞ்சிரத்தின் செவுள். அதுதான் உன் சிவப்பு. அவர் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கரைந்து ஓடியது.

"வரையறவங்க வேணும்னே இத வாங்குவாங்கம்மா. கோடு போட்டு, ஈர பிரஷ்ஷால தொட்டா, கன்னத்துல நிழல் வுழும்."

கவரைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பாட்டிலை மூடிவிட்டு, படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் திறந்து, இருந்த சிவப்புகளைத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஓடாத சிவப்பு ஒரு பாட்டில் நிறைய இருந்தது. ஓடும் சிவப்பு பாதி. கூடவே ஒரு பிரஷ், இன்னும் நனையாதது.

கவிதாவுக்குப் போன் போட்டு, வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். உன் கோட்டின் மேல் இன்னொருவர் கோடு விழ விடமாட்டேன். திதிக்கு இந்த முகத்தையே கண்ணாடி போட்டு வைப்பேன். பார்க்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் கண்ணு. அந்தப் படத்தை முடித்துவிட்டாயா, இல்லை, தண்ணீர் தொட்டு முடிக்கலாம் என்று வைத்திருந்தாயா?

உன் அம்மா