நிமிடத்துக்கு அறுபத்தாறு

இன்று காலை என் மனைவியின் கைத்தடிக்கு அடி ரப்பர் மாற்றினேன். பழையது ஒரு பக்கமாகத் தேய்ந்து இரும்பு வெளியே வந்துவிட்டது. புது ரப்பரின் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இந்தத் தடி உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்து அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, கூடப்பிறக்காத அண்ணனாகத் தஞ்சாவூரில் கடை கடையாக ஏறி இறங்கி இதை வாங்கி வந்தவன் நீதான். "தங்கச்சி, இதப் புடிச்சுக்கிட்டு நடம்மா. ஒரு மாசத்துல தூக்கிப் போட்டுடலாம்" என்றாய். பதினொரு வருடம் ஆகிறது. நீ நல்லதும் செய்தவன் என்பதால் உன்னை முழுசாகத் திட்டவும் முடிவதில்லை.

அந்த மாதங்களில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே அவள் நடந்து பழகினாள். முதலில் தடி. பிறகு நல்ல கால். பிறகு இடது கால், தரையைத் தேய்த்துக்கொண்டு. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றுக்கு மட்டும் கனம். வேண்டாம் என்று நினைத்தாலும் நான் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு அறுபத்தாறு தட்டு. அந்த வேகத்தில்தான் அந்த வால்ட்ஸை, மூன்று தட்டு மேல்நாட்டு நடன இசையை, எழுதினேன், சோகம் தொனிக்கும் டி மைனரில். மொத்தமே மூன்று நிமிடம். ஆறு வயலின், ஒரு கிளாரினெட், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலினான செல்லோ ஒன்று. முதல் தட்டுக்கு செல்லோவின் தந்தியைச் சுண்டிவிட வேண்டும், அது தடி. அடுத்த இரண்டும் வயலின்களுக்கு.

நீ அதை முதலில் கேட்டது எங்கள் ஹாலில்தான். உன் மெல்லிசைக் குழுவுக்கு வருடக்கணக்கில் நோட்டேஷன் எழுதிக் கொடுத்தவன் நான். வாசித்தவர்களும் உன் ஆட்கள். கர்நாடக சங்கீதம் படித்த வயலின்காரர்கள் சுரத்தில் நேராக நிற்கத் தெரியாமல் ஒவ்வொன்றையும் அசைத்தார்கள். "யோவ், கமகம் வேணாம்யா, அப்படியே நில்லுங்கய்யா" என்று நீ கத்தினாய். வாசித்து முடித்ததும் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாய். உள்ளே அவள் தடிச் சத்தம் கேட்டது.

"இது தங்கச்சி நடக்கறதுடா" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயாகவே கண்டுபிடித்தாய். அதனால்தான் உன்னை மன்னிக்க முடியவில்லை. தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஆறு மாதம் கழித்து, பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. வெளியே வந்து நாளாயிற்றே என்று அவளையும் அழைத்து வந்திருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது நீ குழுவைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். என் வால்ட்ஸ். குதூகலமான டி மேஜரில், நூற்று எண்பது வேகத்தில். செல்லோ இருக்க வேண்டிய இடத்தில் மின்சாரத் தாளக் கருவி, ரிதம் பேட். பெண்ணின் தோழிகள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். "இது என் சொந்த ட்யூனுங்க" என்று மைக்கில் வேறு சொன்னாய். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் மடியில் கிடந்த தடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரில் வரும்போது அவள் சிரித்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு. அண்ணன் என்னைய ஓட வச்சுட்டாரு" என்றாள்.

மறுநாள் உன் வீட்டுக்கே வந்து கேட்டேன். நீ அசரவில்லை.

"கீரவாணி மாதிரி இருந்தத சங்கராபரணமா மாத்துனேன், அவ்வளவுதான? அழுமூஞ்சியா வாசிச்சா எல்லாரும் எந்திரிச்சுப் பந்திக்குப் போயிடுவான்."

"அது அவ நடைடா."

"தெரியும். அது இழுத்துக்கிட்டேதான் கெடக்கணுமா?"

அதற்கு மேல் உன்னோடு பேசவில்லை. உனக்கு எழுதியும் தரவில்லை. நீயும் தேடி வரவில்லை. குடவாசல் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போனால் அங்கேயும் அதுதான் ஒலிக்கிறது. கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார்கள். நீ சொன்ன பதிலை மட்டும் என்னால் நம்பவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

போன மாதம் நீ போய்ச் சேர்ந்தாய். படத்திறப்புக்கு இரண்டு நாள் முன்பு உன் மகன் வந்தான். "மாமா, அப்பா ட்யூன நீங்கதான் நின்னு நடத்தணும்" என்றான். சரி என்றேன். பீரோவிலிருந்து என் பழைய நோட்டேஷன் தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்.

டி மைனர். அறுபத்தாறு. செல்லோவின் தந்தியை முதல் தடவை சுண்டியதுமே மண்டபம் அடங்கிவிட்டது. அப்போது அவள் எழுந்தாள். தேய்ந்த ரப்பருக்குள்ளிருந்து இரும்பு கிரானைட் தரையில் பட்டு டொக் என்றது, சரியாக முதல் தட்டில். பிறகு நல்ல கால். பிறகு அந்தக் கால். என் கை அவளுக்காகக் காத்திருந்ததா, அவள் என் கையைப் பார்த்து நடந்தாளா, எனக்குத் தெரியாது. வால்ட்ஸ் முடிந்தபோது அவள் உன் படத்துக்கு முன்னால் நின்று பூப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உன் மகன் என்னிடம் வந்தான். "ரொம்ப ஸ்லோவாயிடுச்சு மாமா. ஸ்கேலும் மாறிப்போச்சு. அப்பாவோடது இப்படி இருக்காது."

"வயசாயிடுச்சுப்பா. கை ஓடல" என்றேன். அவன் பரிவோடு என் தோளைத் தொட்டான். உன் பெயரை உன் பிள்ளையிடம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் ஆத்திரம்.

எனக்கும் ஒரு கை உதிரிப்பூ கொடுத்தார்கள். வரிசை உன் படத்தை நெருங்கியதும் பூப் போடாமல் விலகி வந்து அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நேற்று அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தவள், பையிலிருந்த காய்ந்த பூவை மேசைமேல் கொட்டினாள்.

"இன்னுமா கோவம்?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் தடியை ஊன்றி உள்ளே போனாள். நான் அந்தப் பூவைப் பொறுக்கி, போட்டிருந்த சட்டையின் பையில் வைத்துக்கொண்டேன்.